ஒரு கட்டம் கம்மி

கையில் பேனா இருக்கிறதா? இந்தப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு சதுரம் வரையுங்கள். பக்கத்து வீட்டில் ஓசி வாங்கிப் படிப்பவராக இருந்தாலும் பரவாயில்லை, வரையுங்கள்.

வரைந்தாயிற்றா?

பேனாவை எடுக்காமல், சர்ரென்று ஒரே சுற்றில் நாலு பக்கமும் போட்டு மூடினீர்கள்தானே... நீங்கள் ஃபெயில்.

வருத்தப்படாதீர்கள். நானும் ஃபெயில். என் வீட்டுக்காரர் உப்பளம் வைத்திருப்பவர், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சதுரம் சதுரமாகப் பாத்தி கட்டுகிறவர் — அவரும் ஃபெயில். எங்கள் மகள் கயல்விழி, ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தவள், அவள் நிஜமாகவே ஃபெயில். சீனாவில். மார்க் ஷீட்டோடு.

மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு சீன எழுத்து கற்றுக்கொண்ட ஒரே பத்திரிகைப் பத்திக்காரி நானாகத்தான் இருப்பேன். ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

விஷயத்தைச் சொல்கிறேன். கயலுக்கு டாக்டர் ஆக வேண்டும். நம் ஊரில் சீட் கிடைக்கவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு ஏஜென்ட், ஏசி ரூமில் உட்கார வைத்து, கூல் டிரிங்க் கொடுத்து, சீனாவைப் பற்றி ஆல்பம் காட்டினார். பெரிய கட்டடம், பச்சைப் புல்வெளி, சிரிக்கும் மாணவர்கள். "பாஷை?" என்று கேட்டேன். பத்தி எழுதுகிறவள், பாஷையைப் பற்றிக் கேட்காமல் இருப்பேனா?

"எல்லாமே இங்கிலீஷ் மீடியம் மேடம். சைனீஸ் சும்மா ஒரு சப்ஜெக்ட். நம்ம ஊர்ல மாரல் சயின்ஸ் மாதிரி."

மாரல் சயின்ஸில் யாராவது ஃபெயில் ஆகிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கயல் போனாள். போன டிசம்பரில் சுனாமி வந்தபோது, அங்கே டி.வி.யில் நம் கரையைப் பார்த்துவிட்டு, போன் லைன் கிடைக்காமல் துடித்துப்போனாள். லைன் கிடைத்ததும் முதல் வார்த்தையே, "நான் அழல ம்மா, நீ அழாத" என்றுதான். அப்படிப்பட்ட பெண், இந்த ஜூலையில் லீவுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதாள்.

"அனாட்டமி பாஸ் ம்மா. கெமிஸ்ட்ரி பாஸ். சைனீஸ்ல போச்சு."

"அது மாரல் சயின்ஸ்தானேடி?"

"இல்ல ம்மா. அதுல பாஸானாத்தான் செகண்ட் இயர். செப்டம்பர்ல ஒரே ஒரு சான்ஸ் குடுப்பாங்க. அதுலயும் போச்சுன்னா மறுபடியும் ஃபர்ஸ்ட் இயர்."

கூடப் போன பிள்ளைகள் எல்லாம் இரண்டாம் வருஷத்துக்குப் போக, இவள் மட்டும் புதுப் பிள்ளைகளோடு முதல் பெஞ்சில்... அதைவிடப் பயம் அவள் அடுத்து சொன்னதில்தான் வந்தது.

"நான் திரும்பிப் போகல ம்மா. எனக்குக் கை வரல."

என் வீட்டுக்காரர் ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று ஆரம்பித்தார். "வேணாம்னா வந்துடு பாப்பா. நம்ம உப்பளம் இருக்குது. யாரு உன்னைக் கேக்கப் போறாங்க?"

நான் கேட்பேன்! ஆறாம் வகுப்பிலிருந்து பொம்மைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண்ணை, ஒரு மாரல் சயின்ஸ் வீட்டுக்கு அனுப்புவதா?

சரி, எதில் போயிற்று என்று விசாரித்தேன். பேசுவதில் இல்லை. படிப்பதில் இல்லை. எழுதுவதில். அதிலும், எழுத்து சரியாக இருந்தால் போதாதாம். எந்தக் கோட்டை முதலில் போட்டாய், எதை அடுத்துப் போட்டாய் என்று வரிசை இருக்கிறதாம். வரிசை மாறினால் எழுத்தே தப்பாம்.

"எழுதி முடிச்சப்புறம் எது மொதல்ல போட்டேன்னு எவனுக்குடி தெரியும்?"

"அதுக்குத்தான் ம்மா கட்டம் குடுப்பாங்க. மொதக் கட்டத்துல மொதக் கோடு மட்டும். அடுத்த கட்டத்துல ரெண்டு கோடு. அப்புறம் மூணு. இப்படியே போய் கடைசிக் கட்டத்துலதான் முழு எழுத்து. அது முடிஞ்சதும் அடுத்த கட்டத்துலேர்ந்து அடுத்த எழுத்து. தாள் முழுக்க ஒரே தொடரா ஓடும். எந்தக் கட்டத்துல என்ன இருக்கணும்னு அவங்ககிட்ட ஆன்ஸர் ஷீட் இருக்கும். அதை வெச்சு மார்க் போட்டுட்டுப் போய்ட்டே இருப்பாங்க. அந்தப் பார்ட்டுல எனக்கு சைபர் ம்மா."

சைபர்! என் பெண்ணுக்கு!

"அதுவும் கேள்வித்தாளே தப்பு ம்மா. ஒரு கட்டம் கம்மியா அடிச்சிருந்தாங்க. கடைசிக் கோடு போட எடமே இல்ல. ஓரத்துல வெளிய போட்டுட்டு வந்தேன்."

எனக்கு வந்ததே கோபம். உடனே ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "கட்டம்கூட எண்ணிப் போடத் தெரியாத காலேஜுல எங்க பொண்ணைச் சேத்து விட்டிருக்கீங்களே, நியாயமா?" என்று ஆரம்பித்து, அந்த ஆல்பத்தில் இருந்த புல்வெளி வரைக்கும் திட்டினேன். அவர் பதற்றப்படவே இல்லை. "நான் பேசறேன் மேடம்" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்து, "காலேஜ்ல பேசிட்டேன் மேடம். அடுத்த தடவை ஒரு கட்டம் எக்ஸ்ட்ரா போடறேன்னு சொல்லிட்டாங்க" என்றார். நான் நன்றி வேறு சொன்னேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வீட்டு டியூஷன்.

டியூஷன் என்றால் தெரியுமில்லையா? நம் வீடுகளில் பரீட்சை எழுதுவது பிள்ளை மட்டும் இல்லை. அம்மா புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், பிள்ளை ஒப்பிக்கும். பிதாகரஸ் தேற்றம் தெரியாத அம்மாக்கள் எத்தனை பேர் பிதாகரஸ் தேற்றத்தை ஒப்பிக்க வைத்திருக்கிறார்கள்! நானும் அந்த ஜாதிதான். கயல் கொண்டுவந்திருந்த புத்தகத்தில் ஒவ்வொரு எழுத்தையும் கோடு கோடாகப் பிரித்துப் போட்டிருந்தது. அது என் கையில். இன்னொரு கையில் மர ஸ்கேல். கயல் எழுத, நான் கோடு கோடாகப் பார்க்க வேண்டும்.

முதல் பாடம், அந்தச் சதுரம். வாய் என்று அர்த்தமாம். சும்மா இருக்காமல் நானும் எழுதிப் பார்த்தேன். நம் கை எப்படிப்பட்ட கை? 'ஐ' எழுதிய கை. 'ஞ' எழுதிய கை. சுற்றிச் சுற்றிச் சுழித்துக்கொண்டே போய் எங்கேயோ முடிக்கும் கை. அதனிடம் போய், இடது பக்கச் சுவரை மட்டும் போடு, பேனாவை எடு, மறுபடி மேலே போய்க் கூரையையும் வலது சுவரையும் ஒரே இழுப்பில் போடு, மறுபடி எடு, கடைசியாகத் தரையைப் போடு என்றால் கேட்குமா? என் சதுரம் ஒவ்வொரு தடவையும் உருண்டையாகவே வந்தது.

"ம்மா, சீன பாஷைல உருண்டையே கிடையாது."

"ஒரு நாட்டுல உருண்டையே இல்லாம எப்படிடி எழுதறாங்க?"

மேலிருந்து கீழே. இடமிருந்து வலம். படுத்த கோடு முதலில், நின்ற கோடு அப்புறம். வெளியே முதலில், உள்ளே அப்புறம். உள்ளே எல்லோரும் வந்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். இப்படி விதிகள். விதி என்றால் கட்டுப்படலாம். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு விலக்கு இருந்தது. அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனவர்களுக்கு இந்த உணர்ச்சி புரியும்.

ஒருநாள் சாயங்காலம் உப்பளத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரர், கை கால்கூடக் கழுவாமல் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன எழுத்து பாப்பா?"

"வயல் ப்பா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது நம்ம பாத்தி இல்ல? சுத்தி வரப்பு, உள்ள குறுக்கால ரெண்டு. இதை எழுதத் தெரியாமலா ஃபெயிலான? குடு இங்க."

பேனாவை வாங்கினார். சுற்றி நாலு வரப்பும் கட்டினார். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இழுத்தார். அழகாகத்தான் இருந்தது.

"தப்பு" என்றேன், ஸ்கேலோடு.

"எது தப்பு?"

"மூணு பக்கம் போட்டுட்டு, உள்ள ரெண்டையும் போட்டுட்டு, கடைசியாத்தான் கீழ் வரப்பைப் போடணும்."

"ஏம்மா, ஒரு பக்கத்தைத் தெறந்து வெச்சுக்கிட்டு உள்ள வேலை பாத்தா தண்ணி எங்க நிக்கும்? எவனாவது அப்படிப் பாத்தி கட்டுவானா?"

"நான் கட்டலைங்க. சீனாக்காரன் கட்டறான்."

"அப்ப அவன் ஊர்ல உப்பு விளையாது. எழுதி வெச்சுக்கோ."

"நல்லா விளையுது ப்பா. கடலோரமா நான் பாத்தேன்" என்றாள் கயல்.

அவர் பேனாவை டேபிளில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அந்த ராத்திரி சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி என்று ஒரு குறை வேறு.

சூழ்நிலையாவது ஒத்துழைத்ததா? மத்தியானம் ஆனால் கடல் காற்று கிளம்பிவிடும். தாள்கள் பறக்கும். ஜன்னலைச் சாத்தினால் வேர்வையில் கை ஒட்டும். ஃபேனைப் போடலாம் என்று எழுந்தால் கரன்ட் போயிருக்கும். உப்புக் காற்றில் தாள் நமுத்துப்போய், பேனாவை அழுத்தினால் கோடு கசிந்து அகலமாகிவிடும். எதிர் வீட்டுக்காரர்கள் வேறு வந்து வந்து பார்த்துவிட்டு, "அங்க பாம்பு திங்கறாங்களாமே?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பாம்பு தின்றால்கூடப் பரவாயில்லையே, கோட்டு வரிசையைக் கேட்காமல் இருந்தால் போதுமே!

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது ஒரே ஒரு எழுத்து. மருத்துவம் என்று அர்த்தம். டாக்டர் என்று எழுத அதுதான் முதலில் வரும். ஏழு கோடு. மூன்று பக்கம் சுவர், வலது பக்கம் திறந்திருக்கும், உள்ளே ஒரு அம்பு. வெளியே முதலில், உள்ளே அப்புறம் என்று விதி இருக்கிறதா? நான் அந்த விதிப்படி முதலில் சுவரை எழுப்பினேன்.

"தப்பு ம்மா. மேல கூரை மட்டும் மொதல்ல. அப்புறம் உள்ள அம்பு முழுசா. கடைசியாத்தான் எடது சுவரும் தரையும், ஒரே இழுப்புல."

"கூரையை அந்தரத்துல தொங்க விட்டுட்டு உள்ள அம்பு விடறாங்களா? சுவர் இல்லாம கூரை எப்படிடி நிக்கும்?"

"நிக்குது ம்மா."

"ஏண்டி, எப்படிப் போட்டாலும் கடைசில அதே எழுத்துதானே வருது? எந்த வழியா வந்தா இவங்களுக்கு என்ன?"

அப்போதுதான் அவள் ஒன்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கள் புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுத மாட்டார்களாம். எல்லாக் கோட்டையும் சேர்த்து ஒரே கிறுக்காகக் கிறுக்குவார்களாம். கோடு எந்த வரிசையில் வரும் என்று கை பழகியிருந்தால்தான் அந்தக் கிறுக்கலில் எந்த எழுத்து ஒளிந்திருக்கிறது என்று தெரியுமாம். தெரியாவிட்டால் நோயாளிக்கு என்ன மருந்து என்று படிக்க முடியாது.

எனக்கு முதல் முறையாக அந்த நாட்டின் மேல் கொஞ்சம் பிரியம் வந்தது. டாக்டர் கையெழுத்து அங்கேயும் அப்படித்தானா!

ஆனால் ஆகஸ்ட் பாதி தாண்டியபோது எனக்கு வேறு ஒரு எரிச்சல் கிளம்பிவிட்டது. கயல் தப்பே விடவில்லை. புத்தகத்தை எங்கே திறந்து எதைக் கேட்டாலும், கோடு பிசகாமல் நோட்டில் எழுதிக் காட்டினாள். இதில் போய் எப்படி சைபர் வாங்கினாள்? பரீட்சை ஹாலில் பயந்துவிட்டாளா? கேட்டால், "இல்ல ம்மா, இதே மாதிரிதான் எழுதினேன்" என்றாள். நான் அதட்ட, அவள் அழ, ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். "எனக்கே தெரியலயே ம்மா, எங்க தப்புன்னு! தெரிஞ்சா திருத்திக்க மாட்டேனா? மறுபடியும் அதேதான் ஆகும். டிக்கெட்டை கேன்சல் பண்ணிடு" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டு என் கையில் இருந்த ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டேன். தெரியாததைச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தும் ஃபெயில் ஆகிறவளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

கடைசி முயற்சியாக ஷமீமாவை வரச் சொன்னேன். கயலோடு படிக்கிறவள், கோட்டக்குப்பத்துப் பெண். அவள் பாஸ். ஈ.சி.ஆர். பஸ்ஸில் வந்து இறங்கினாள், கையில் ஒரு டப்பா பிரியாணியோடு. "மொதல்ல சாப்பிடலாம் ஆன்ட்டி, அப்புறம் அழலாம்" என்றாள். பார்த்ததும் பிடித்துவிட்டது.

சாப்பிட்டதும் நான் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தேன். வெள்ளைத் தாளில் நானே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். தாள் வீணாகக் கூடாது என்று, மேலே துளி இடம் விடாமல் விளிம்பிலிருந்தே ஆரம்பித்தேன். எந்த எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று கூட்டி, சரியாக அத்தனை கட்டம். கடைசி எழுத்து — அந்த ஏழு கோட்டு மருத்துவம்தான். இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. எழுதுங்கள்!

இரண்டு பேரும் குனிந்துகொண்டு எழுதினார்கள். நான் ஸ்கேலோடு நடந்தேன். ஷமீமா முதலில் முடித்துவிட்டு நிமிர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கயல் தலையைத் தூக்கினாள்.

"ம்மா... ஒரு கட்டம் கம்மி."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "நானே எண்ணிப் போட்டேன்டி! சீனாக்காரனும் கம்மியாப் போட்டான், நானும் கம்மியாப் போட்டேனா? ஷமீமாவுக்கு மட்டும் எப்படி சரியா இருக்குது?"

"நிஜமாத்தான் ம்மா. பாரு. கடைசிக் கோட்டுக்கு எடம் இல்ல."

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். கூரை இருக்கிறது, அம்பு இருக்கிறது. சுவரும் தரையும் போடக் கட்டம் இல்லை. முதலிலிருந்து எண்ணினேன். கட்டம் சரியாகத்தான் இருந்தது. மறுபடி எண்ணினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஷமீமா தன் தாளைக் கொண்டுவந்து கயல் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் பார்த்தாள். கயல் தாளின் முதல் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இது என்னடி?"

"எது?"

"இதோ, மொதக் கட்டத்துல."

"பிள்ளையார் சுழி."

வெளியே உப்பு லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

ஆமாம். முதல் கட்டத்தில் அழகாக ஒரு 'உ', கீழே ஒரு கோடு. இரண்டு தடவை எண்ணினேனே, அது ஏன் என் கண்ணில் படவில்லை? எப்படிப் படும்? எழுதிய தாள் என்றால் தலையில் பிள்ளையார் சுழி இருக்கும். அது தாளோடு வருவது. வாட்டர்மார்க்கை யாராவது எண்ணுவார்களா? இத்தனை நாளும் நோட்டின் மேல் ஓரத்தில் இடம் இருந்தது, சுழி அங்கே போயிற்று, கட்டத்துக்கு வம்பில்லை. மேலே இடம் இல்லாத தாளைக் கொடுத்ததும் அவள் கை தானாகவே முதல் கட்டத்துக்குள் இறங்கிவிட்டது. ஒரு கட்டம் நகர்ந்தது, அத்தனையும் நகர்ந்தது.

"அங்க பரீட்சைலயும் இப்படித்தான் போட்டியா?"

கயல் வாயைப் பொத்திக்கொண்டாள். "மேல எடமே இல்ல ம்மா... ஃபுல்லா பிரிண்ட் பண்ணியிருந்தாங்க..."

"நீ என்னம்மா பண்ண?" என்று ஷமீமாவைக் கேட்டேன்.

"நான் தாளைத் திருப்பிப் பின்னால சின்னதா எழுநூத்தி எம்பத்தாறு போட்டேன் ஆன்ட்டி. டீச்சர் ஒரு மொறை மொறைச்சாங்க. ஆனா கட்டத்துக்குள்ள போடல."

கயல் அழுதாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்தது. ஷமீமா அவள் முதுகில் தட்டிக்கொண்டே, "டாக்டர் எடத்துல புள்ளையாரை உக்கார வெச்சிட்டு, டாக்டரைத் தெருவுல நிக்க வெச்சிட்டியேடி" என்றாள்.

எனக்கோ கோபம் கோபமாக வந்தது. ஆனால் யார் மேல் காட்டுவது? சீனாக்காரன் கட்டம் சரியாகத்தான் போட்டிருக்கிறான். பெண் எழுத்து சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். பிள்ளையாரைத் திட்ட முடியுமா? கடைசியில் ஏஜென்ட் ஞாபகம் வந்தது. ஒரு கட்டம் எக்ஸ்ட்ரா போடச் சொல்லிவிட்டேன் என்றாரே, எந்தக் காலேஜில் யாரிடம் பேசினார் அந்த மனுஷர்? போன் போட்டால் எடுக்கவில்லை.

சரி, தப்பு தெரிந்துவிட்டது, இனிமேல் சுழி போடாமல் எழுதினால் தீர்ந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். சொன்னேன்.

"சுழி போடாம பரீட்சை எழுதறதா?"

"ஆமாங்க. அதனாலதான் போச்சு."

"அதைப் போட்டதுனால போச்சுன்னு சொல்லாத. வாய் அழுகிடும். உப்பளத்துல மொத மம்புட்டி போடறதுக்கு முன்னாடிகூட மஞ்சப் புள்ளையார் புடிச்சு வெச்சு சூடம் காட்டிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். டாக்டர் பரீட்சைக்கு ஒரு சுழி போடக் கூடாதா?"

"எங்க போடறது? எடம் சொல்லுங்க!"

அன்றைக்கு எங்கள் வீட்டில் பிள்ளையாருக்கு இடம் தேடினோம். தாளின் பின்பக்கம்? வேண்டாம், அந்த டீச்சர் முறைக்கிறவர். உள்ளங்கையில்? பேனாவால் எழுதிய கையோடு ஹாலுக்குள் போனால் பிட் என்று பிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். டெஸ்க்கில்? அது காலேஜ் சொத்து. ஹால் டிக்கெட்டில்? வேறு வினையே வேண்டாம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, கயல் ஒவ்வொன்றாக மறுக்க, நான் நடுவில் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு மாசமாகச் சீனாவோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டு, சொந்த வீட்டில் தோற்பதா?

கடைசியில் கயலே சொன்னாள். "காத்துல போட்டுக்கறேன் ப்பா. வெரலால."

"காத்துல போட்டா பதியுமா?"

"ஏங்க, புள்ளையாருக்குக் கண்ணு தெரியாதா?" என்றேன்.

அவர் மறுநாள் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெருமுக்கல் போய், அந்த வெயிலில் மலை ஏறி, சிவனைப் பார்த்துவிட்டு வந்தார். பிள்ளையாரின் அப்பாவிடமே கேட்டுவிட்டாராம். தப்பில்லையாம். என்ன பதில் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. இறங்கி வந்தவர் முகம் தெளிவாக இருந்தது, எனக்கு அது போதும்.

கயல் கிளம்பினாள். ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று, விரலால் காற்றில் ஒரு சுழி சுழித்து, ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். என் வீட்டுக்காரர் கர்சீப்பை எடுத்து மூக்கைச் சீந்தினார். உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மீனம்பாக்கத்தில் ஏது உப்புக் காற்று?

பரீட்சை நாளில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவர் உப்பளத்துக்குப் போகாமல் போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கேட்டபோது, "எழுதிட்டேன் ம்மா" என்றதோடு சரி. ரிசல்ட் போன வாரம்தான் வந்தது.

"பாஸ் ம்மா!"

அவள்தான் பேசிக்கொண்டே போனாள். "கடைசி எழுத்து இந்த தடவையும் அதேதான் ம்மா, மருத்துவம். கூரை, அம்பு எல்லாம் போட்டு, கடைசிக் கோடு போடறப்ப எனக்கு ஒரு கட்டம் இருந்துச்சு ம்மா! கரெக்டா இருந்துச்சு!" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது?

அப்புறம்தான் மீதியைச் சொன்னாள்.

தாளைக் கொடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் சுழித்திருக்கிறாள். அந்த முறைக்கிற டீச்சர் நேரே வந்து பக்கத்தில் நின்றுவிட்டாராம். என்ன செய்கிறாய் என்று கேட்டாராம். இவள் பயத்தில், "ஸ்ட்ரோக் ஆர்டர் ப்ராக்டிஸ் பண்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டாள். டீச்சர் முகம் அப்படியே பூத்துவிட்டதாம். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கோட்டு வரிசையை அப்படித்தான் காற்றில் எழுதிப் பழக்குவார்களாம். ரிசல்ட் அன்றைக்கு வகுப்பில் இவளை எழுந்து நிற்க வைத்து, வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இந்தப் பெண்ணைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும், எங்கே செய்து காட்டு என்றாராம். இவள் என்ன செய்வாள்? செய்து காட்டினாள். எல்லோரும் அதைப் பார்த்துச் செய்தார்களாம். நேபாளப் பையன், நைஜீரியாப் பெண், கடைசியில் டீச்சரும்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பாத்தியா! சீனாக்காரியையே சுழி போட வெச்சிட்டா எம்பொண்ணு!"

நீங்களும் ஓரத்தில் அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் ஒன்று போட்டுப் பாருங்கள்... முதலில் சுழி, அப்புறம்தான் கோடு. வரிசை மாறினால் ஃபெயில்.